முதுகுப் பக்கத்து மூன்று வார்கள்

"கத்திரி வேண்டாங்க. இது கழட்டுற மாதிரிதான் செஞ்சிருக்கும். வெட்டிடாதீங்க," என்றாள் அவள்.

மருத்துவமனை ஊழியர் கத்திரியைக் கையில் பிடித்தபடி நின்றார். எத்தனையோ பேரை எத்தனையோ கோலத்தில் பார்த்த மனிதர்தான். ஆனால் வெள்ளிச் சாயம் பூசிய மார்புக் கவசமும் தோள் தகடும் முழங்கால் மூடியுமாக ஒரு போர்வீரன் உயிரில்லாமல் நீட்டிப் படுத்திருப்பதை அன்றுதான் பார்க்கிறார் போலிருந்தது.

"அப்ப நீங்களே கழட்டுங்கம்மா. எனக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல," என்று ஒதுங்கிக்கொண்டார்.

அவளுக்குத் தெரியும். நாடக உடைகள் வாடகைக்கு விடும் கடையில் கவசம் கோக்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. காலில் ஆரம்பிக்க வேண்டும். கெண்டைக்கால் தகட்டுக்குப் பின்னால் இரண்டு எலாஸ்டிக் பட்டை, நுனியில் வெல்க்ரோ. அதைப் பிய்த்தபோது எழுந்த சத்தம் அந்த அறைக்குத் தகாததாக இருந்தது. முழங்கால் மூடிக்கு ஒரு கொக்கி. முன்கைத் தகடு இரண்டு பாதியாகப் பிளந்து திறக்கும். தோள் தகடு மார்புக் கவசத்தோடு டிச் பட்டனால் சேர்ந்திருக்கும், கீழிருந்து கட்டைவிரலால் நெம்பினால் வந்துவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் அடுக்கினாள். எல்லாம் பிளாஸ்டிக். மேடையில் இரும்பு மாதிரி மின்னும், கீழே வைத்தால் தயிர் டப்பா மாதிரி சத்தம் போடும்.

மார்பும் முதுகும் மிச்சமிருந்தன. ஊழியர் ஒரு கை கொடுக்க, கணவரை ஒருக்களித்துத் திருப்பினாள்.

முதுகுத் தகடு இரண்டு பாதி. நடுவே மேலிருந்து கீழாக மூன்று வார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கிள். மூன்றும் பூட்டியிருந்தன. மிச்ச வார் நுனிகள் தொங்காமல் இருக்க, ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு நீல டேப் ஒட்டியிருந்தது.

அவள் கை நின்றுவிட்டது.

இந்த மூன்று வாரையும் போட்டிருப்பவரால் பூட்ட முடியாது. யாராலும் முடியாது. புதிதாக வாடகைக்கு எடுக்க வருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வதே அதுதான்: "கவசம்னா ரெண்டு ஆள் வேலைங்க. போட்டுக்க ஒருத்தர், பூட்டிவிட ஒருத்தர்." வீட்டுக்குக் கொண்டுவந்து அளவு பார்க்கிற நாட்களில் பூட்டிவிடுகிறவள் அவள். இறுக்கினால் "மெதுவா, நான் உன் பஸ்ல வித்தவுட்ல வந்தவன் இல்ல" என்பார்.

அவள் பக்கிள்களைத் திறந்தாள். நீல டேப்பைக் கவனமாக உரித்தாள். கைப்பையின் உள்ளறையில், வேலையில் பிடிபட்ட பழைய டிக்கெட்டுகளை வைக்கிற இடத்தில், அதை வைத்து மூடினாள்.

அவள் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். இருபத்துநான்கு வருஷ சர்வீஸ். வீட்டிலும் வெளியிலும் அவளுக்குப் பெயரே 'செக்கர்'தான். அவள் டிக்கெட்டைப் பார்க்கிறவள் இல்லை, முகத்தைப் பார்க்கிறவள். படியில் ஏறியதும் ஒரு வரிசை முகங்களைப் பார்ப்பாள். யார் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்களோ அங்கே போய் நிற்பாள். பெரும்பாலும் தப்பாது.

நடைபாதையில் கடை முதலாளியும் தையல்காரப் பெண்ணும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் எழுந்தார்கள்.

"யார் கூட இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"தனியாத்தான் இருந்தாரும்மா," என்றார் முதலாளி. "நான் சாப்பிடப் போயிருந்தேன்."

"தனியாத்தான் இருந்தாருக்கா," என்றாள் தையல்காரி. "நான் முன்னாடி தச்சிக்கிட்டு இருந்தேன்."

"முதுகு வார நீயா பூட்டிவிட்ட?"

"இல்லக்கா."

"அப்ப யாரு?"

தையல்காரி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவரே எப்படியாவது பூட்டியிருப்பாரும்மா. கை தேர்ந்தவராச்சே."

இரண்டு பேர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் அது முன்கூட்டிப் பேசி வைத்த வார்த்தை. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய அனுபவம் வேண்டியதில்லை. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பயப்படுகிறவனைத் துரத்தக் கூடாது, அடுத்த நிறுத்தம் வரைக்கும் விட்டுவிட வேண்டும் என்பது அவள் தொழில்முறை.

மகன் வந்து சேர ஐந்து மணியாகிவிட்டது. நடுவில் பன்னிரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள், எடுக்கவில்லை. அலுவலகத்தில் மீட்டிங் என்றான். தலை ஈரமாக இருந்தது. தாடைக்குக் கீழே, காதிலிருந்து காது வரைக்கும், ஏதோ அழுத்தின மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டான்.

அன்று வந்த எல்லோரும் "எப்படி?" என்று கேட்டார்கள். அவன் ஒருவன்தான் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

"ரெண்டுக்குள்ளன்னு சொல்றாங்க," என்றாள்.

அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "அதையெல்லாம் யாரும்மா கழட்டினது?" என்றான்.

"நான்தான்."

இந்தக் கேள்வியும் அவள் காதில் விழாமல் போகவில்லை. ஆனால் பெற்ற பிள்ளை. அந்த வரிசையில் அவனை உட்காரவைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அடக்கம். கணவரின் அக்கா, அவளுடைய நாத்தனார், காலையிலேயே வந்து வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். நாற்காலி எடுத்துப் போடுவது, தேநீர் போடுவது, யார் எவ்வளவு அழுதார்கள் என்று கவனிப்பது, மூன்றையும் அவள் ஒரே சமயத்தில் செய்யக்கூடியவள்.

"கேட்டுக்கு வெளிய நிக்குதே, சாம்பல் கலர் சேலை, அது யாரு?"

"கடையில கூட வேலை பாக்குறவங்க அண்ணி. தையல்."

"கூட வேலை பாக்குறவங்க இப்படியா அழுவாங்க? என் புருஷன் போனப்ப அவர் ஆபீஸ்ல இருந்து வந்தவங்க வாட்ச்ச பாத்துக்கிட்டு நின்னாங்க."

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். தையல்காரி கேட்டைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. அழுத முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள், அதற்கு மேலே கண் மட்டும் அலைந்தது. இவள் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அந்தக் கண் தரைக்குப் போனது.

போன ஆறேழு மாதங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வாரத்தில் இரண்டு நாள் கணவர் தாமதமாக வந்தார். கேட்டால் "ஆர்டர்" என்றார். குளியலறையில் பாட்டை முணுமுணுத்தார், அவருக்கு ராகம் என்பது ஜென்மப் பகை. தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், அவள் அறைக்குள் வந்தால் "சரி சரி, அப்புறம்" என்று வைத்துவிடுவார்.

"யாரு?"

"கடையில."

ஊரார் எல்லோரிடமும் டிக்கெட் கேட்டவள் தன் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் விட்டுவிட்டோமோ என்று நினைத்தாள். அவர் இல்லாத வெறுமையைவிட அந்த நினைப்பு சுலபமாக இருந்தது. அதில் செய்வதற்கு ஏதோ வேலை இருந்தது. கோபப்படலாம், கணக்குப் போடலாம், ஆளைத் தேடலாம்.

மகன் எல்லாவற்றையும் சொன்னபடி செய்தான். தூக்கச் சொன்னால் தூக்கினான், கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டான். சாப்பிட மட்டும் மறுத்துவிட்டான். திரும்பி வந்த பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் காலையில் சான்றிதழ் வாங்க மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பேசினார். இதயம் நின்றிருக்கிறது என்றார். ரத்தக்குழாயில் முன்பே அடைப்பு இருந்திருக்கலாம் என்றார்.

"அந்தக் கவசம் இறுக்கமா இருந்ததால வந்திருக்குமா?" என்று அவள் கேட்டாள். யாராவது பூட்டிவிட்டுப் போயிருந்தால், அந்த ஆளின் பங்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

டாக்டர் பேனாவை மூடினார். "இல்லன்னும் சொல்ல முடியாது, ஆமான்னும் சொல்ல முடியாதும்மா. அது தெரியணும்னா அப்பவே வேற பரிசோதனை பண்ணியிருக்கணும்."

வெளியே வந்து நேராகக் கடைக்குப் போகும் பேருந்தைப் பிடித்தாள்.

கடையில் முதலாளி இல்லை. முன்னறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் தையல்காரியின் கால் மிதியில் நின்றுவிட்டது.

"வாங்கக்கா. உக்காருங்க."

"உக்கார வரல." அவள் பின்னறைக்குள் போனாள். தையல்காரி தயங்கிக்கொண்டே பின்னால் வந்தாள்.

அவருடைய மேசை அப்படியே இருந்தது. ரிவிட் அடிக்கும் கருவி, துளை போடும் ஊசி, அளவு வாரியாகப் பக்கிள்கள் போட்ட பிஸ்கட் டப்பாக்கள், ஒரு சுருள் கறுப்பு வார். நுனி பிரியாமல் இருக்க வாரைச் சூடுகாட்டி உருக்கும் மெழுகுவர்த்தி. பசைக்கு, ஒட்டுவதற்கு, மடிப்பதற்கு என்று வெள்ளை டேப் மட்டும் நான்கு உருளைகள். நீலம் எங்கும் இல்லை. இழுப்பறைகளைத் திறந்து பார்த்தாள். அங்கும் இல்லை.

கைப்பையிலிருந்து உரித்து வைத்த மூன்று துண்டுகளையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது யாரோடது?"

தையல்காரி அதைப் பார்த்ததும் முகம் சுருங்கி அழ ஆரம்பித்தாள்.

"அழுதா முடிஞ்சுடாது. எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். உனக்கும் அவருக்கும் என்ன?"

தையல்காரியின் அழுகை சட்டென்று நின்றது. கன்னத்தில் ஈரத்தோடு, வாய் பாதி திறந்தபடி அவளைப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா. நீங்க அப்படியா நினைச்சீங்க? அவர் எனக்கு அண்ணன் மாதிரிக்கா. எனக்கு வெயில்ல தலைவலி வந்தாக்கூட உங்க பேரச் சொல்லித்தான் மாத்திரை குடுப்பாரு. 'செக்கர் வாங்கிக் குடுத்தது, கேக்கும்'னு."

"அப்ப யாருக்காகப் பொய் சொன்ன?"

"சத்தியம் வாங்கியிருக்காருக்கா."

"செத்தவருக்குக் குடுத்த சத்தியம்தானே."

"உயிரோட இருக்கிறவங்களுக்கும் சேத்துதான் வாங்கினாரு."

அவள் மேசையோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அந்த முக்காலியில்தான் அவர் கடைசியாக உட்கார்ந்திருந்தார் என்பது தையல்காரி அதை நோக்கிக் கையை நீட்டிவிட்டு மடக்கியபோது தெரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"சொல்லும்மா," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பிதாங்கா. உங்க பையன்."

ஏழு மாதத்துக்கு முன்னால் அவன் அலுவலகத்தில் ஆள் குறைத்தார்கள். அவனும் போனான். வேறு வேலை தேடி அலைந்தான், கிடைக்கவில்லை. கடைசியில் பெரிய வணிக வளாகம் ஒன்றில், குழந்தைகள் விளையாடும் மாடியில், போர்வீரன் வேஷம் போட்டு நிற்கிற வேலைக்குச் சேர்ந்தான். தினம் மூன்று காட்சி. வாளைத் தூக்க வேண்டும், குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே கொடுத்த கவசம் பழசு, தாடையிலும் கழுத்திலும் அக்குளிலும் அறுத்துப் புண்ணாக்கியது. அப்பாவிடம்தான் முதலில் வந்து நின்றான்.

"அண்ணன் ஒரு வார்த்தை திட்டலக்கா. புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டாரு. அப்புறம் தன் கையால புதுசா ஒரு செட்டு செய்ய ஆரம்பிச்சாரு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே. போட்டுப் பாத்தாத்தான் எங்க கடிக்குதுன்னு தெரியும்னு தானே போட்டுப் பாப்பாரு. தம்பி பூட்டிவிடும். இவரு அறைக்குள்ள நடப்பாரு, குனிவாரு, கையத் தூக்குவாரு. 'இங்க ஒரு நூல் இறக்கணும்'பாரு. கழட்டி, வார வெட்டி, மறுபடி ரிவிட் அடிப்பாரு. வாரம் ரெண்டு நாள் இதே வேலைதான்."

"இந்த டேப்பு?"

"அது தம்பியோடது. வார் நுனி தொங்குனா பிள்ளைங்க பிடிச்சு இழுக்குமாம். அதனால பூட்டினதும் ஒட்டிடும், கைப்பழக்கம்."

"அன்னிக்கு?"

"அன்னிக்குத்தான் கடைசி அளவு. நான் முன்னாடி இருந்தேன். உள்ள ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க. என்னத்துக்குன்னு தெரியல, அப்படி ஒரு சிரிப்பு. தம்பிக்கு ரெண்டு மணிக் காட்சி. 'நீ ஓடு, லேட்டாவுது, தையல் வந்து கழட்டிவிடும்'னு அனுப்பி வெச்சாரு. தம்பி போற வழியில எங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போச்சு. எனக்கு ஒரு ஓரம் தைக்க பாக்கி இருந்துச்சு. பத்து நிமிஷம்தான் அக்கா. உள்ள போனா, இங்க, இந்த முக்காலியில, சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. விளையாடுறாருன்னு நினைச்சேன். தம்பிக்குத்தான் முதல்ல போன் பண்ணேன். அது வழியில இருந்துச்சு, எடுக்கல; அப்புறம் வேஷத்துல மாட்டிக்கிச்சு."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அந்தப் பத்து நிமிஷம் என்னோடதுக்கா. ஆனா தம்பி, தான் இழுத்துப் பூட்டினதாலதான்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. நேத்துகூட போன் பண்ணி, எத்தனாவது ஓட்டையில பூட்டியிருந்துச்சுன்னு கேட்டுச்சு."

வெளியே யாரோ வந்து கூப்பிட்டார்கள், தையல்காரி போய் அனுப்பிவிட்டு வந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி யாருக்கானது என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.

தையல்காரி மேசையில் கிடந்த ஒரு பக்கிளை எடுத்துப் பூட்டினாள், திறந்தாள். "கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குப் பயந்துதாங்கா. நல்ல வேலை கிடைச்சதும் அதையும் இதையும் சேத்துச் சொல்லிக்கலாம்னு இருந்தாங்க."

மகன் பதினோராம் வகுப்புப் படிக்கும்போது மதிப்பெண் அட்டையை மெத்தைக்குக் கீழே ஒளித்து வைத்தான். அவள் கண்டுபிடித்துவிட்டாள். நாத்தனார், நாத்தனாரின் வீட்டுக்காரர், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அதைக் கொண்டுவந்து ஒவ்வொரு பாடமாக உரக்க வாசித்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கணவர் மட்டும் நடுவில் எழுந்து கைகழுவப் போய்விட்டார். அந்த மதியத்தை அவள் இத்தனை வருஷமாக ஒரு நல்ல வேட்டையாகத்தான் நினைவில் வைத்திருந்தாள்.

அந்த வீட்டில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சிரித்து அவள் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தாள். அவளுக்குத் தெரியவில்லை. சிரித்திருப்பார்கள். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் "சரி சரி, அப்புறம்" என்று நிறுத்தியிருப்பார்கள்.

எழுந்து நீலத் துண்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"நான் இங்க வந்தது அவனுக்குத் தெரிய வேண்டாம்."

"சரிக்கா."

"இது எனக்குக் குடுக்கிற சத்தியம்."

தையல்காரி தலையாட்டினாள். வாசல் வரைக்கும் கூடவே வந்து, அவள் செருப்பு மாட்டும்வரை கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காலையில் மகன் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்துக்கு வந்தான்.

"ஆபீஸ் போகணும்மா. இதுக்கு மேல லீவு தர மாட்டாங்க."

"போயிட்டு வா. ரொட்டி இருக்கு, ரெண்டு சாப்பிட்டுப் போ."

"பசிக்கல."

அவன் வாசலருகே உட்கார்ந்து காலணியை மாட்ட ஆரம்பித்தான். நாத்தனார் சாப்பாட்டு மேசையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் நாத்தனாருக்கு எதிரே, மகனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணி, நேத்து டாக்டரப் பாத்தேன்."

"சொல்லவே இல்லையே. என்ன சொன்னாரு?"

"ரொம்ப நாளாவே அடைப்பு இருந்திருக்காம். எப்ப வேணும்னாலும் நின்னிருக்குமாம். வீட்ல படுத்துத் தூங்கியிருந்தாலும் அன்னிக்குப் போயிருக்கும்னாரு."

"அந்தப் பிளாஸ்டிக்க மாட்டிக்கிட்டதாலன்னு பேசிக்கிட்டாங்களே."

"நானும் அதைத்தான் கேட்டேன். அதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னுட்டாரு. எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் அது ஒண்ணும் பண்ணாதாம்."

பின்னால் காலணி நாடா இழுபடும் சத்தம் நின்றிருந்தது.

"அவரே சொன்னாராம்மா?" என்றான் மகன்.

அவள் திரும்பினாள். அவன் ஒரு காலில் நாடா கட்டியும் மறுகாலில் கட்டாமலும் உட்கார்ந்திருந்தான். பொய் சொல்கிறவர்களின் கண் எந்தப் பக்கம் ஓடும் என்று இருபத்துநான்கு வருஷமாகப் பார்த்தவள், தன் கண்ணை அவன் முகத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டாள்.

"அவரேதான். ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னாரு."

அவன் குனிந்தான். மறு நாடாவைக் கட்ட நேரமாயிற்று. கட்டி முடித்து எழுந்தவன், மேசைக்கு வந்து நின்றபடியே ஒரு ரொட்டியை எடுத்துப் பாதியாக மடித்து வாயில் போட்டுக்கொண்டான். இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"வரேம்மா. வரேன் அத்தை."

"தண்ணி குடிச்சிட்டுப் போடா, விக்கப் போகுது," என்றாள் நாத்தனார். அவன் அதற்குள் படியிறங்கியிருந்தான்.

அவள் ஜன்னலுக்குப் போனாள். அலுவலகம் போகிற பேருந்து வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் நிற்கும். அவன் அங்கேதான் போய் நின்றான், கொஞ்ச நேரம். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனான். ரொட்டியை இன்னும் தின்றுகொண்டிருந்தான். வணிக வளாகத்துக்குப் போகிற பேருந்து தூரத்தில் வளைவில் திரும்பியது.

அவன் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பப் போனான். அவள் திரையை இழுத்துவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"என்னத்தப் பாக்குற?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுமில்ல அண்ணி. வெயில்."